ஊர் வரலாற்று ஆவணப்படத்துக்கு இதழில் இரட்டைப் பக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரங்கம்பாடியில் தமிழ் அச்சு வந்த கதையை நண்பர்கள் சிலர் சேர்ந்து 40 நிமிட ஆவணப்படமாக எடுத்தோம். திரையிடலுக்கு முந்தைய மாதம், மாவட்டத்தில் வெளிவரும் மாத இதழ் ஒன்று எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டை எங்களுக்குக் கொடுத்தது. அவற்றை வடிவமைத்தவன் நான். அதன்பிறகு சொந்த ஊரைப் படமெடுத்த பலர் ஒரே மாதிரியான சந்தேகங்களோடு பேசினார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைச் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் பொதுவானவை. உதாரணங்கள் பெரும்பாலும் எங்கள் தரங்கம்பாடிப் பக்கங்களிலிருந்தே வருகின்றன.

இரட்டைப் பக்கம் எதற்கு? ஒரு பக்க விளம்பரம் போதாதா?

படத்தின் பெயர், நாள், இடம், நேரம் மட்டும் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பக்கமே அதிகம். கால் பக்கம் போதும். இதழை விரித்தால் இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணுக்கு ஒரே தாளாகத்தான் தெரியும். ஏ4 இதழில் அது 420 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். அவ்வளவு இடம் கிடைத்தால் ஒரு கதையை முழுதாகச் சொல்லிவிடலாம்.

முழுதாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "மீதியைத் திரையில் காண்க" என்று பாதியில் நிறுத்தும் பக்கத்தை வாசகர் புரட்டிக்கொண்டு போய்விடுவார். படத்தைக் கடைசிவரை பார்க்கவே முடியாமல் போகிற ஒருவருக்கும் அந்த இரண்டு பக்கத்திலிருந்து ஊரைப் பற்றி ஒரு விஷயமாவது கிடைக்க வேண்டும். அது கிடைத்தவர்தான் படம் பார்க்கவும் வருகிறார்.

கணினியைத் திறப்பதற்கு முன்பு என்ன செய்ய வேண்டும்?

படத்தில் இருப்பவற்றுள் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். இதைவிட முக்கியமான வேலை இதில் வேறு இல்லை.

எங்கள் முதல் வரைவில் எல்லாமே இருந்தது. 1306இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில், 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு டேனிஷ்காரர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை, அவர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், 1792இன் நகர வாயில், 2004 சுனாமி. பதினோரு படங்கள், பதினோரு குறிப்புகள். சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது பள்ளிக்கூடக் கண்காட்சி அட்டை மாதிரி இருந்தது. எல்லாம் சரியான தகவல்தான், ஆனால் கண் எதிலும் நிற்கவில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அச்செழுத்து வார்த்த ஈயத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். அந்தக் கதை இது. ஜெர்மானிய மதபோதகர்களான சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்குகிறார்கள். லண்டனிலிருந்து அனுப்பிய அச்சு இயந்திரம் 1712இல் வந்து சேர்கிறது. அதை இயக்குவதற்காகக் கூட வந்த அச்சுக்காரர் கப்பலிலேயே இறந்துபோகிறார். தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வருகின்றன. அவை மிகப் பெரியவை. அந்த அளவில் அடித்தால் தாள் கட்டுப்படியாகாது. தாளோ கடல் கடந்து வர வேண்டிய பொருள். அதனால் பக்கத்து ஊரான பொறையாறில் சிறிய எழுத்துகளை வார்க்கிறார்கள். ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து வந்த சீஸ் டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று அச்சு வரலாற்று நூல்கள் சொல்கின்றன. 1715இல் தமிழ் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சாகிறது.

பொருளைத் தேர்ந்தெடுத்ததும் வடிவம் தானாக வந்தது. பெரிய எழுத்து சின்ன எழுத்தாக மாறியதுதானே கதை? இடப்பக்கத்தில் 190 மி.மீ. உயரத்துக்கு ஒற்றை "த". அது படிப்படியாகச் சிறுத்து வலப்பக்கத்துக்குப் போய், கட்டுரையின் முதல் சொல்லான "தரங்கம்பாடி"யின் 10.5 புள்ளி (எழுத்தளவைக் குறிக்கும் பாயின்ட்) "த"வில் முடியும். மேலிருந்த, ஈய எழுத்தைப் பிடித்த கைகளின் பெரிய படத்தைத் தவிர வேறு அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் ஊரில் அது ஒரு தறியாக இருக்கலாம், மதகாக இருக்கலாம், ரயில் நிலையத்து மணியாக இருக்கலாம். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளாக இருந்தால் நல்லது. "பண்பாடு", "பெருமை" போன்றவற்றைப் படம் பிடிக்க முடியாது.

தலைப்பு எப்படி இருக்க வேண்டும்?

ஐந்து சொல்லுக்குள். பொருளின் பெயர் அதில் இருக்கட்டும். நாங்கள் வைத்தது "சீஸ் மூடி ஈயத்தில் வார்த்த தமிழ்". "அலைகள் பாடும் ஊர்" என்றுதான் எல்லோரும் முதலில் சொன்னார்கள். அழகான தொடர்தான். ஆனால் தரங்கம்பாடியைப் பற்றிய சுற்றுலாத் தாள் எதை எடுத்தாலும் அது இருக்கிறது. கண் பழகிய தொடரை வாசகர் படிப்பதில்லை.

இன்னொரு எச்சரிக்கை. "முதல்" என்ற சொல்லைக் கண்டால் நில்லுங்கள். உள்ளூர் வரலாற்றில் அதிகமாகத் தவறாகிற சொல் அதுதான். எங்கள் குழுவிலேயே "தமிழின் முதல் அச்சு நூல்" என்று ஒருவர் எழுதிக் கொடுத்தார். தமிழ் எழுத்தில் "தம்பிரான் வணக்கம்" 1578இலேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. தரங்கம்பாடிக்கு 130 ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது அது. தரங்கம்பாடியின் பெருமை வேறு. அங்கே அச்சு நின்றுபோகாமல் தொடர்ந்து நடந்தது, எழுத்து வார்ப்பும் தாள் தயாரிப்பும்கூட உள்ளூருக்கு வந்தன. அதைச் சொன்னாலே போதும்.

படத்திலிருந்து எடுத்த ஸ்டில் இரண்டு பக்கத்துக்கும் விரியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நல்ல ஆர்ட் பேப்பரில் அடிக்க 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல், வேண்டும். முழு எச்டி காணொளியின் ஒரு சட்டகம் 1920 பிக்சல் அகலம். 300 டிபிஐயில் அது 163 மி.மீ. தான், ஒரு பக்கத்துக்கே போதாது. 4கே என்றால் 3840 பிக்சல், 325 மி.மீ. வரை வரும். இரண்டு பக்கத்தையும் ஓரம்வரை நிரப்ப 426 மி.மீ. வேண்டும், அதாவது சுமார் 5030 பிக்சல். 4கே சட்டகத்தை அந்த அளவுக்கு இழுத்தால் 229 டிபிஐக்கு இறங்கிவிடும். கடல், வானம், சுவர் போன்ற மென்மையான காட்சியென்றால் சமாளிக்கும். முகச்சுருக்கமும் எழுத்தும் உள்ள படத்தில் குறை தெரியும். பளபளப்பில்லாத மேப்லித்தோ அல்லது நியூஸ்பிரின்ட் தாளென்றால் 200 டிபிஐயே போதும்.

காணொளிச் சட்டகத்தில் இன்னொரு சிக்கல், அசைவு. ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத மங்கல், நிறுத்தினால் தெரியும். ஆகவே படப்பிடிப்பு நாளிலேயே ஒருவர் தனியாகப் புகைப்படக் கருவியோடு நிற்கட்டும். படம் எடுத்து முடித்த பிறகு இதைப் படிக்கிறீர்களென்றால், முக்கியமான ஒரே ஒரு படத்துக்காகத் திரும்பப் போய் வாருங்கள். நாங்கள் அப்படித்தான் பொறையாறுக்கு மறுபடியும் போனோம்.

நடு மடிப்பில் படம் விழுங்கப்படுகிறதே?

இதழை எப்படித் தைக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். நடுவில் பின் அடிக்கும் இதழில் நட்ட நடுப் பக்கங்கள் மட்டுமே ஒரே தாள். 32 பக்க இதழென்றால் 16, 17. அங்கே இடம் கிடைத்தால் படத்தைத் தாராளமாகக் குறுக்கே விரிக்கலாம். மற்ற இடங்களில் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் வேறொரு தாள். ஒரு மி.மீ. ஏறி இறங்குவது சகஜம். அதனால் மடிப்பைக் குறுக்கே கடக்கும் கோடுகள், சாய்ந்த எழுத்துகள் எல்லாம் உடைந்து தெரியும்.

முதுகில் பசை போட்டு ஒட்டும் இதழ் முழுதாக விரியாது. இரு பக்கமும் உள்ஓரத்தில் 10 மி.மீ. வரை போய்விடும். எங்களுக்கு நடந்தது இதுதான். பின் அடிப்பார்கள் என்று நினைத்து வடிவமைத்தேன். அந்த மாதம் பக்கம் கூடியதால் பசைக்கு மாறிவிட்டார்கள். மாதிரிப் பிரதியைத் திறந்து பார்த்தால், ஈய எழுத்தைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரலும் எழுத்தும் மடிப்புக்குள். கை மட்டும் வெறுமனே நீட்டிக்கொண்டிருந்தது. படத்தை 30 மி.மீ. வலப்புறம் நகர்த்தித் திரும்ப அனுப்பினேன்.

அச்சுக்குப் போகும் முன்பு அசல் அளவில் பிரின்ட் எடுத்து, அதே பருமன் உள்ள பழைய இதழுக்குள் ஒட்டிப் புரட்டிப் பாருங்கள். திரையில் மடிப்பு ஒரு கோடு. கையில் அது ஒரு பள்ளம்.

கொம்பும் காலும் இடம் மாறி வருகின்றன. என்ன செய்வது?

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சு செய்த எழுத்தை, பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் ஒட்டியதும் "கொ" சிதறி, கொம்பு முன்னாலோ பின்னாலோ தனியாக நின்றால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போஸரைத் தேர்ந்தெடுங்கள். சரியாகிவிடும். ஒவ்வொரு பத்தியாகச் செய்யாமல் பத்தி ஸ்டைலிலேயே அதை வைத்துவிடுவது நல்லது.

எழுத்துக்குப் பதில் கட்டங்களோ புரியாத குறிகளோ வந்தால் அது குறியாக்கச் சிக்கல். பல இதழ் அலுவலகங்களில் இன்னும் வானவில், ஸ்ரீலிபி, பாமினி போன்ற பழைய முறை எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. நீங்கள் ஒருங்குறியில் அனுப்ப, அவர்கள் மாற்றியில் போட்டு மாற்றுவார்கள். மாறும்போது எண்களும் மேற்கோள் குறிகளும் கிரந்த எழுத்துகளும்தான் முதலில் அடிபடும். "டான்ஸ்போர்க்" என்பதில் "ஸ்" காணாமல் போன ஒரு புரூஃபை நான் பார்த்திருக்கிறேன். மாற்றிய பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி மெய்ப்புப் பாருங்கள். முடிந்தால் நீங்களே பக்கத்தைக் கட்டி, எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃபாகக் கொடுத்துவிடுங்கள். பாதித் தலைவலி அங்கேயே போய்விடும்.

பக்கத்தை நெடுக்காக எத்தனை பத்தியாகப் பிரிக்கலாம்? எழுத்து அளவு?

ஆங்கில இதழைப் பார்த்து ஏ4 பக்கத்தில் மூன்று பத்தி பிரிக்கும் பழக்கம் இருக்கிறது. தமிழுக்கு அது ஒத்துவராது. நம் சொற்கள் நீளம். வேற்றுமை உருபு, இடைச்சொல் எல்லாம் ஒட்டிக்கொண்டு "கோட்டைக்குள்ளிருந்தவர்களுக்கும்" என்று ஒரே சொல்லாக நிற்கும். 55 மி.மீ. அகலப் பத்தியில் 10 புள்ளியில் மூன்று சொல்தான் பிடிக்கும். அதை இருபக்கமும் சமன் செய்தால் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வாய்க்கால் ஓடும்.

இரண்டு பத்தி வையுங்கள், ஒவ்வொன்றும் 80 முதல் 85 மி.மீ. சமன் செய்யாமல் இடப்புறம் மட்டும் சீராக்கினாலும் அழகாகவே இருக்கும். சொல்லை உடைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். "வந்தார்" என்பதை "வ" என்றும் "ந்தார்" என்றும் உடைத்தால் படிப்பவருக்கு நாக்கு இடறும்.

வரி இடைவெளி தாராளமாக இருக்கட்டும். மேலே விசிறி, கீழே சுழி என்று நம் எழுத்து இரு புறமும் நீள்கிறது. 10 புள்ளி எழுத்துக்கு 14 அல்லது 15 புள்ளி வரி. ஊர் வரலாற்றை ஆர்வமாகப் படிப்பவர்களில் வயதானவர்கள் அதிகம் என்பதால் நான் 10.5க்குக் கீழே போவதில்லை. கட்டுரை மொத்தம் 450 சொல்லுக்குள் நின்றால் பக்கம் மூச்சு விடும்.

எந்த எழுத்துரு நல்லது?

இலவசமாகவே நல்லவை இருக்கின்றன. கட்டுரைக்கு நோட்டோ செரிஃப் தமிழ், குறிப்புகளுக்கு முக்த மலர் அல்லது ஹிந்த் மதுரை, தலைப்புக்குத் தடிமன் நிறைய உள்ள அனெக் தமிழ் அல்லது கேட்டமரன். ஆனால் இரண்டு குடும்பத்துக்கு மேல் ஒரே விரிப்பில் வேண்டாம்; தலைப்புக்கும் குறிப்புக்கும் ஒன்றையே வைத்துக்கொள்ளலாம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. ஆகவே எது தலைப்பு, எது குறிப்பு என்பதை அளவும் தடிமனும் நிறமும்தான் காட்ட வேண்டும். எழுத்தைச் சாய்ப்பது நமக்கு இயல்பாக வருவதில்லை. கணினி வலுக்கட்டாயமாகச் சாய்த்த தமிழ் விழப்போவது போலத் தெரியும்.

பழமை காட்டுவதற்காகச் சிதைந்த மாதிரி, கரி படிந்த மாதிரி எழுத்துருவைத் தேட வேண்டாம். அந்தக் காலத்துப் பக்கத்தின் படத்தையே ஓரிடத்தில் பெரிதாகப் போடுங்கள். பழைய அச்சில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே இருக்கும். கீழே இன்றைய எழுத்தில் அதே வரியைக் கொடுத்தால் வாசகர் இரண்டையும் ஒப்பிட்டு எழுத்துக் கூட்டிப் படிப்பார். அந்த இடத்தில் அவர் செலவிடும் அரை நிமிடத்தை எந்த அலங்காரத்தாலும் வாங்க முடியாது.

பழைய படங்களைப் பயன்படுத்த அனுமதி வேண்டுமா?

வேண்டும் என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, இந்தியச் சட்டப்படி புகைப்படத்துக்கான பதிப்புரிமை அதை எடுத்தவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டு நீடிக்கும். காலம் கடந்த படமானாலும் அதை வைத்திருக்கும் நூலகமோ ஆவணக் காப்பகமோ, உயர்தரப் பிரதிக்கும் அச்சுக்கும் தனி விதி வைத்திருக்கும். எழுதிக் கேளுங்கள், பதில் வர வாரங்கள் ஆகும், அந்த அவகாசத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். வீட்டு ஆல்பத்திலிருந்து எடுத்த படமென்றால் அந்த வீட்டாரிடம் எழுத்தில் ஒரு வரி வாங்கிக்கொண்டு, படத்துக்குக் கீழே நன்றி போடுங்கள்.

படத்துக்காக நாமே மீண்டும் உருவாக்கிய காட்சி என்றால் கீழே "மறு உருவாக்கம்" என்று இருக்க வேண்டும். நாங்கள் ஈயத்தை உருக்கிக் காட்டிய படம் அப்படித்தான் போனது. முந்நூறு வருடத்துக்கு முந்தைய மூடி என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

2004 சுனாமிப் படங்கள் எங்களிடம் இருந்தன. அழுகிற முகங்கள் எதையும் விளம்பரப் பக்கத்தில் வைக்கவில்லை. அந்த முகங்களுக்கு உரியவர்கள் அதே தெருவில் வாழ்கிறார்கள்.

படக்குறிப்பில் என்ன எழுதுவது?

படத்தில் தெரிவதைத் திரும்ப எழுதாமல், தெரியாததை எழுதுங்கள். "டான்ஸ்போர்க் கோட்டை" என்பது குறிப்பாகாது. எந்தப் பக்கமிருந்து எடுத்தது, கடல் எங்கே இருக்கிறது, கட்டியது எந்த ஆண்டு என்று சொன்னால் குறிப்பு.

குறிப்பில்தான் பிழைகள் ஒளிந்துகொள்ளும். எங்களிடம் பிடிபட்டவை இரண்டு. "தரங்கம்பாடியை 12.5 லட்சம் ரூபாய்க்கு 1845இல் ஆங்கிலேயர் வாங்கினர்" என்று இருந்தது. அந்தத் தொகை வங்காளத்தின் செராம்பூரையும் சேர்த்தது. இன்னொன்று, "நாகப்பட்டினம் மாவட்டம்". 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டமானதிலிருந்து தரங்கம்பாடி அங்கேதான் இருக்கிறது. பழைய கட்டுரைகளிலிருந்து அப்படியே எடுத்தால் இந்த மாதிரி வந்து ஒட்டிக்கொள்ளும்.

காலவரிசைப் பட்டை வைக்கலாமா?

வைக்கலாம், அடியில் மெல்லியதாக. ஐந்தாறு ஆண்டுகள் போதும். எங்களுடையது: 1306, 1620, 1706, 1715, 1845. அதற்கு மேல் சேர்த்தால் யாரும் படிப்பதில்லை.

நிறம், கறுப்பு பற்றி?

எல்லாப் படமும் சிஎம்ஒய்கேயில், அதாவது அச்சின் நான்கு மை நிறங்களில். கட்டுரை எழுத்து தனிக் கறுப்பு 100 சதவீதம், வேறு நிறம் அதில் கலக்கக் கூடாது. கலந்தால், ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய அச்சுத் தகடுகள் சற்று விலகினாலும் சின்ன எழுத்துக்குப் பின்னால் நிழல் விழும். கருமையான படத்தின்மேல் வெள்ளை எழுத்தில் கட்டுரை வைக்க ஆசை வரும். தமிழ் எழுத்தின் சுழிகளுக்குள் மை நிறைந்து அடைத்துவிடும். தலைப்பு மட்டும் வெள்ளையில் போகட்டும், அதுவும் தடித்த எழுத்தில்.

எங்கள் பக்கத்தில் இரண்டே நிறம். ஈயத்தின் சாம்பல், கோட்டைச் சுவரின் வெளிர் மண் நிறம். இரண்டும் படத்திலிருந்தே எடுத்தவை.

திரையிடல் விவரத்தை எங்கே போடுவது?

வலப்பக்கத்தின் கீழ் வலது மூலையில், ஒரே பெட்டிக்குள். பக்கத்தைப் புரட்டும் கை அங்கேதான் வரும். படத்தின் பெயர், எத்தனை நிமிடம், நாள், கிழமை, நேரம், இடம், நுழைவு இலவசமா என்பது. கிழமையை மறக்காதீர்கள். ஊரில் பலர் தேதியைவிடக் கிழமையைத்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்காக "பொறையாறு பேருந்து நிலையத்திலிருந்து" என்று தொடங்கும் ஒரு வரி வழியும் இருக்கட்டும்.

குழுவினர் பெயர்கள், நன்றிப் பட்டியல் எல்லாம் படத்தின் முடிவில் ஓடும். இங்கே இயக்கம், ஒளிப்பதிவு, ஆய்வு என்று மூன்று வரி போதும். இதில் மனத்தாங்கல் வரத்தான் செய்யும், எங்களுக்கும் வந்தது. முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

க்யூஆர் கட்டம் வைத்தால் ஸ்கேன் ஆகவில்லை என்கிறார்களே?

25 மி.மீ. சதுரம், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு, சுற்றிலும் வெற்று ஓரம். மடிப்புக்கு அருகிலும் படத்தின்மேலும் வேண்டாம். திரையில் சோதித்தால் போதாது, தாளில் அடித்து, சாதாரணக் கைபேசியில், டியூப்லைட் வெளிச்சத்தில் சோதியுங்கள். பக்கத்திலேயே எங்கே போகும் என்று எழுதுங்கள்: "முன்னோட்டம், 2 நிமிடம்".

பக்கத்தை யாரிடம் காட்டிச் சரிபார்ப்பது?

வடிவமைப்பாளர்களிடம் காட்டுவதற்கு முன்பு, அந்தப் பொருளோடு வாழ்ந்தவரிடம் காட்டுங்கள்.

எங்கள் படத்தில் பழைய கம்பாசிட்டர் ஒருவர் வருகிறார். ஈய எழுத்தைக் கேஸ் என்னும் அறைகள் உள்ள பெட்டியிலிருந்து பொறுக்கி, ஸ்டிக் என்னும் கைத்தட்டில் வரியாகக் கோத்து, வாழ்நாளைக் கழித்தவர். அவருடைய கைகளின் படம்தான் எங்கள் பெரிய படம். மூலப் படத்தில் கை பக்கத்துக்கு வெளியே பார்த்தபடி இருந்ததால், உள்நோக்கிப் பார்க்கட்டும் என்று கணினியில் இடவலமாகத் திருப்பி வைத்திருந்தேன். புரூஃபை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தம்பி, இது என் கை இல்லையே."

"உங்க கைதாங்க ஐயா. அன்னிக்கு எடுத்தது."

"ஸ்டிக்கு வலது கையில இருக்கு பாருங்க. யாரும் அப்படிப் பிடிக்க மாட்டாங்க. இடது கையில ஸ்டிக்கு, வலது கையால எழுத்து எடுக்கணும். அப்புறம் இந்த எழுத்து நேராப் படிக்க வருது. ஈயத்துல எழுத்து கண்ணாடியில பாக்குற மாதிரி திரும்பித்தான் இருக்கும். நேரா இருந்தா தாள்ல திரும்பி விழுந்துடும்ல?"

படம் எடுத்த நாங்கள் ஏழு பேரும் கவனிக்கவில்லை. அன்று இரவே படத்தைப் பழையபடி திருப்பி, அதற்கேற்ப பக்கத்தையே மாற்றிக் கட்டினேன். கை இப்போதும் வெளியேதான் பார்க்கிறது, ஆனால் எழுத்து திரும்பியிருக்கிறது. "ஈயத்தில் எழுத்து ஏன் திரும்பியிருக்கிறது?" என்று கேட்டு, அவர் சொன்ன பதிலையே படக்குறிப்பாக்கினோம். திரையிடலன்று பிள்ளைகள் அதிகமாகக் கேட்ட கேள்வி அதுதான்.

எந்த ஊர்ப் படமானாலும் புகைப்படத்தை இடவலமாகத் திருப்பாதீர்கள். கோயில் கோபுரம் தெருவின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது ஊர்க்காரருக்குத் தெரியும்.

விலை கொடுத்து மென்பொருள் வாங்க முடியாது. வேறு வழி?

பக்கம் கட்ட ஸ்கிரைபஸ் இலவசம். 1.5க்குப் பிந்தைய பதிப்புகளில் தமிழ் சரியாக வரும். படங்களைச் சீராக்க கிம்ப். பவர்பாயின்டில் கட்டிப் படமாக மாற்றி அனுப்புவதை மட்டும் தவிருங்கள், எழுத்தின் விளிம்பு மங்கிவிடும்.

அச்சகத்துக்கு என்னென்ன அனுப்ப வேண்டும்?

வெட்டும் அளவைவிட நான்கு புறமும் 3 மி.மீ. கூடுதலாக, அதாவது ஏ4 விரிப்புக்கு 426 × 303 மி.மீ. அளவில் பிடிஎஃப். எழுத்தும் முக்கியமான உருவமும் வெளி ஓரத்திலிருந்து குறைந்தது 10 மி.மீ. உள்ளே இருக்கட்டும். இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரே கோப்பாக வேண்டுமா, தனித்தனியாக வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் மாறும். கூடவே சாதாரண பிரின்ட் ஒன்று, அதில் பக்க எண்ணை கையால் பெரிதாக எழுதி. இடப்பக்கம் இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும். ஒற்றைப்படையில் தொடங்கினால் உங்கள் விரிப்பு முதுகோடு முதுகாகப் பிரிந்துபோகும்.

அதே பக்கத்தை வாட்சாப்பில் அனுப்பலாமா?

கைபேசியில் 420 மி.மீ. பக்கத்தை யாரும் படிக்க முடியாது. பெரிய "த"வையும் பெட்டியையும் மட்டும் எடுத்து நிற்கும் வடிவில் தனியாக ஒன்று செய்யுங்கள்.

இதழ் வந்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

பத்துப் பிரதிகள் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். படம் கொடுத்த வீடுகளுக்கும் பேட்டி கொடுத்தவர்களுக்கும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள், தபாலில் வேண்டாம். ஊர் நூலகத்துக்கு இரண்டு. நாங்கள் கம்பாசிட்டர் ஐயாவுக்கு ஒன்றைக் கொடுத்தபோது, பக்கத்தை விரித்து முதலில் மடிப்பைத்தான் தடவிப் பார்த்தார். அப்புறம் கட்டைவிரலால் அந்த ஈய எழுத்தை மூடி, எடுத்து, மறுபடி மூடி, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.